பன்னிரண்டு பேரின் இடது கால்

— நிறுத்துங்கம்மா! அங்கயே நிறுத்துங்க. கொஞ்சம் பின்னால தள்ளுங்க.

— மேஸ்திரி, நீங்க மேசைக் காலைச் சரி பண்ண வந்தீங்க. நான் படம் வெட்டி ஒட்டுறதைப் பாக்க இல்ல.

— மேசை எங்க ஓடிடப் போகுது? அதுக்கே ஒரு கால் ஆடுது. நீங்க தள்ளுங்க. இன்னும்... இன்னும்... அதோ! முன்வரிசையில நடுவுல நிக்கிற அந்தச் செம்பட்டை முடிக்காரி. என்ன பண்றா அவ?

— ஆடுறாங்க. அவங்கதான் வெளிநாட்டுக் குழுவோட டீச்சர். பின்னால நிக்கிறது அவங்க மாணவிகள் பதினோரு பேர். மூணு வாரம் இங்க தங்கி நம்ம ஆட்டத்தை அவங்க கத்துக்கிட்டாங்க, அவங்க ஆட்டத்தை நம்ம பொண்ணுங்க கத்துக்கிட்டாங்க. அதுதானே என் படமே. நீங்களும் மூணு வாரமா இந்த அரங்கத்துலதானே இருந்தீங்க?

— நான் மேடைக்கு அடியில இருந்தேன். மேடைத் தச்சனுக்கு மேல நடக்குறது தெரியாதும்மா, சத்தம் கேக்குறதோட சரி. இது என்ன ஆட்டம்?

— கடைசி நாள் அவங்க ஆடினது. நாலு நிமிஷம். என் படத்துக்கு உயிரே இதுதான். பின்னணிக் குரலைக் கேளுங்க: "இழுபடும் இந்த இடது பாதம், மண்ணைப் பிரிய மனமில்லாத மனிதனின் ஏக்கம்."

— ஏக்கம் இல்லம்மா. முட்டியில நீர்.

— என்னது?

— இடது முட்டியில நீர் கோத்திருக்கு. எனக்கு. அது என் நடை.

— போங்க மேஸ்திரி, காலங்காத்தால விளையாட்டு.

— பலகை மேல ஆணையா சொல்றேன். பாருங்க, ரெண்டு தரம் குதிகாலால தட்டுறா. அப்புறம் காதைச் சாய்க்கிறா. எதுக்குச் சாய்க்கிறா?

— "மண்ணின் நெஞ்சுத் துடிப்பைக் கேட்கிறாள்"னு எழுதியிருக்கேன்.

— பலகை கிறீச்சுங்குதான்னு கேக்குறா! தினம் காலையில ஆட்டக்காரங்க வர்றதுக்கு முன்னாடி வெறுங்காலோட ஒவ்வொரு பலகையா தட்டிப் பாப்பேன். ஒரு ஆணி தலை தூக்கியிருந்தாலும் ஆடுறவங்க பாதத்துல ஏறிடும் இல்ல? ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம். நல்லா ஆடத் தெரிஞ்சவ வந்து என் மேடையைக் கோணல்னு சொல்லிடக் கூடாது. அதுக்குத்தான் இந்தப் பாடு. தட்டினதுக்கப்புறம் கால் எழும்பாது. அடுத்த பலகைக்கு இழுத்துக்கிட்டுத்தான் போவேன். அதோ, இழுக்கிறா. பன்னெண்டு பேரும் இழுக்கிறாங்க.

— ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம். ஏழாவது தட்டு முடிஞ்சதும் எல்லாரும் இடுப்பைத் தொட்டு மேல தூக்குற மாதிரி ஒரு முத்திரை வருதே?

— கால்சட்டை. பெல்ட்டு தளந்து போச்சு.

— உதட்டை இறுக்கிக்கிட்டு ஒரு மௌனம்?

— வாயில ஆணி வச்சிருப்பேன்.

— காதுக்குப் பின்னால கை போகுதே?

— சாக்பீஸ் எடுக்க. கிறீச்சுங்குற பலகையில குறி போட வேணாமா?

— கடவுளே! முதல் நாள் அவங்க விமானம் சீக்கிரமே வந்துடுச்சு. நம்ம பொண்ணுங்க ஒருத்தரும் வரல. இருட்டுல நாற்காலியில உக்காந்து உங்களைப் பாத்திருக்காங்க. "வரவேற்பு ஆட்டம் பிரமாதம்"னு டீச்சர் சொன்னாங்க. நான் வந்து சேர்றதுக்குள்ள நம்ம குழு ஏதோ ஆடிடுச்சுன்னு நினைச்சுட்டேன்.

— நான் வேலியில போன ஓணான்மா. என் பாட்டுக்குப் போய்க்கிட்டிருந்தேன். எடுத்து மடியில விட்டுக்கிட்டது அவங்க.

— இதுல இன்னொரு கூத்து இருக்கு. கடைசி நாள் அவங்க இதை "உங்க ஆட்டம், உங்களுக்கே எங்க பரிசு"ன்னு சொல்லித்தான் ஆடினாங்க. மொழிபெயர்க்கிறவருக்கு அன்னிக்குக் காய்ச்சல், அவர் வரல; பதிவைக் கேட்டு நேத்துதான் எனக்கு அர்த்தம் சொன்னாரு. நம்ம பொண்ணுங்க இது அவங்க நாட்டு ஆட்டம்னு நினைச்சு, அப்புறம் வீடியோவைப் பாத்து ராத்திரி பகலா கத்துக்கிட்டாங்க. "எவ்வளவு ஆழமான கலை, எங்களுக்கு அந்த இழுப்பு வரவே மாட்டேங்குது"ன்னு ஒருத்தி கேமரா முன்னாடி அழுதா.

— எப்படி வரும்? முட்டி நல்லா இருக்கே.

— சிரிக்காதீங்க மேஸ்திரி!

— நான் எங்கம்மா சிரிக்கிறேன்? இந்த நாலு நிமிஷத்தை எடுத்துடுங்க.

— எடுக்கிறதா? இப்பத்தான் எனக்குப் படமே கிடைச்சிருக்கு! கேமராக்காரர் அந்த முதல் நாள் உங்களையும் சும்மா எடுத்து வச்சிருக்காரு. இந்தப் பக்கம் நீங்க தட்டுறது, அந்தப் பக்கம் அவங்க ஆடுறது. ரெண்டையும் சேத்துப் போட்டா எப்படி இருக்கும், யோசிச்சுப் பாருங்க!

— என் பொழப்புல மண்ணு விழுந்த மாதிரி இருக்கும். வெள்ளிக்கிழமை இதே அரங்கத்துலதானே போடப் போறீங்க? முன்வரிசையில மேனேஜர் உக்காருவாரு. அவருக்கு என் கால் விஷயம் தெரியாது.

— தினமும் பாக்குறவருக்கா தெரியாது?

— ரெண்டு வருஷமா நான் பாக்க விடல. அவர் வர்ற சத்தம் கேட்டா ஏணியில சாஞ்சு நின்னுக்குவேன். கிட்ட வந்துட்டா அளவு எடுக்கிற மாதிரி மண்டி போட்டுடுவேன். "இங்க வாங்க மேஸ்திரி"ன்னு கூப்பிட்டா, "பசை காயணும் சார், இந்தப் பலகையை விட்டு நகர முடியாது"ம்பேன். மாடிப்படி ஏறணும்னா ஒரு அகலப் பலகையை முன்னால பிடிச்சுக்குவேன், கால் தெரியாது.

— இவ்வளவு நடிப்பா! நீங்கதான் மேடையில ஏறியிருக்கணும்.

— லைட்டுக்காரர் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு ஒரே ஒரு நாள் உக்காந்தாரு. மறுநாள் மேனேஜர் அவரை வேலையை விட்டு அனுப்பிட்டாரு. "உடம்பு ஒழுங்கா இல்லாதவங்களுக்கு இந்த மேடையில வேலை இல்ல"ன்னு எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொன்னாரு. எனக்கு ஓய்வுக்கு இன்னும் பதினாலு மாசம் இருக்கு. இப்பப் போனா பென்ஷனும் போச்சு. ஒருத்தன் நொண்டினா மறைச்சுடலாம்மா. பன்னெண்டு பேர் வரிசையா நின்னு, வெளிச்சம் போட்டு, மேளம் அடிச்சு நொண்டினா எப்படி மறைக்கிறது?

— அவருக்கு உங்க ஞாபகம் வரணுமே.

— என் வீட்டுக்காரி பாத்தா ஒரே தட்டுல சொல்லிடுவா. தினம் தைலம் தேய்க்கிறவளாச்சே. அந்த மாதிரி ஒருத்தர் "அட, நம்ம மேஸ்திரி"ன்னு சபையில சொன்னாப் போதும்.

— இடுப்புக்கு மேல மட்டும் காட்டட்டுமா?

— நொண்டுறவன் தோள் காலுக்கு முன்னாடி சொல்லிடும்மா. பன்னெண்டு பேரும் படகுல போற மாதிரி இருக்கும்.

— சரி, இருங்க. யோசிக்கிறேன்.

— யோசிக்கிற நேரத்துல... இன்னொரு தரம் போடுங்களேன்.

— எதுக்கு?

— சும்மாதான். ம்... அந்த மூணாவது பொண்ணு அவசரப்படுது. வலிக்கிற கால் அவசரப்படாது. டீச்சரம்மா பரவாயில்ல. பாருங்க, இழுக்கிறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு பிடிக்கிறா. நான் பிடிக்கிறேன்னு எனக்கே இப்பத்தான் தெரியுது.

— உங்களுக்குப் பிடிச்சிருக்கு!

— பிடிக்கல. எடுத்துடுங்க.

— மேஸ்திரி, ரெண்டு வருஷம் இந்தப் படத்துக்காக அலைஞ்சிருக்கேன். இந்த நாலு நிமிஷம் போனா படம் என்ன ஆகும் தெரியுமா?

— நொண்டும். நொண்டட்டும். நொண்டினாலும் படத்தை யாரும் வேலையை விட்டுத் தூக்க மாட்டாங்க.

— ...சரி. எடுத்துடறேன். என்னைப் பாக்காதீங்க, எனக்கு அழுகையா வருது.

— நல்லா இருப்பீங்கம்மா. இந்த மேசைக்கு நாலு காலும் புதுசாவே போட்டுத் தர்றேன்— ஐயோ! சாவிக்கொத்துச் சத்தம். மேனேஜர் வர்றாரு! நான் இப்ப மேடையில பெயிண்ட் அடிச்சுக்கிட்டு இருக்கணும்.

— மேசைக்கு அடியில போங்க. துணி தரை வரைக்கும் தொங்குது. சீக்கிரம்!

— இந்தக் காலை வச்சுக்கிட்டு எங்கம்மா சீக்கிரம்...

— உஸ்! வாங்க மேனேஜர் சார், வாங்க. உக்காருங்க.

— உக்கார நேரமில்ல மேடம். அதாவது பாத்தீங்கன்னா, ஒரு சின்ன விஷயம். நீங்க குடுத்த பிரதியை நேத்து நம்ம அரங்கக் கமிட்டித் தலைவருக்குப் போட்டுக் காட்டினேன். அந்தக் கடைசி ஆட்டத்தைப் பாத்து மனுஷன் கண்ணு கலங்கிட்டாரு. "இப்படி ஒரு நடை! இவங்களுக்கு இதைக் கத்துக் குடுத்தது யாரு?"ன்னு கேட்டாரு.

— நீங்க என்ன சொன்னீங்க?

— உள்ளதைச் சொன்னேன். நான்தான்னு.

— நீங்களா சார்?

— அதாவது பாத்தீங்கன்னா, முதல் நாள் அவங்களை உள்ள கூட்டிட்டுப் போனது யாரு? நான். முன்னால நடந்தது யாரு? நான். கலைஞர்கள் கண்ணு மேடம், பாத்ததும் பிடிச்சுக்கும். என் நடையில ஏதோ இருக்குன்னு பள்ளிக்கூடத்துலயே சொல்வாங்க.

— அப்ப அங்க வேற யாருமே இல்லையா?

— தச்சன் ஒருத்தன் எதையோ தட்டிக்கிட்டிருந்தான். அவனை விடுங்க.

— விட்டாச்சு சார்.

— டைட்டில்ல "நடன அமைப்பு"ன்னு போட்டு என் பேர் வரணும். தலைவரும் அதான் சொன்னாரு.

— சார், உங்களுக்குக் கோடிப் புண்ணியம்! கண்டிப்பா போடுறேன். அந்த நாலு நிமிஷமும் அப்படியே இருக்கும், அந்த நடை முழுக்க முழுக்க உங்களோடது, வேற எந்தக் காலுக்கும் அதுல சம்பந்தமில்ல! இதைக் கேக்குறவங்க யாரா இருந்தாலும் நிம்மதியா, சத்தம் போடாம இருக்கலாம்!

— எதுக்கு மேடம் கீழ குனிஞ்சு கத்துறீங்க?

— கழுத்துப் பிடிப்பு சார்.

— பாத்துக்கோங்க. உடம்பு ஒழுங்கா இருக்கணும். சரி, கேமராவைத் திருப்புங்க. நானே ஆடிக் காட்டுறேன், படத்துல ஒரு நிமிஷம் சேத்துக்கோங்க. இதோ, தட்டு... தட்டு... எப்படி?

— ஆஹா.

— காதைச் சாய்க்கிறதை மட்டும் எடுத்துட்டேன். செவிடன் மாதிரி இருக்கு. அதுக்குப் பதிலா கையை இப்படிக் காத்துல ஒரு சுழி.

— சுழி... ம், நல்லாத்தான் இருக்கு சார்.

— மேசை ஏன் மேடம் இப்படி ஆடுது?

— ஒரு கால் சரியில்ல சார். நீங்க கண்டுக்காம ஆடுங்க.

— அடுத்தது இந்த இழுப்பு. அதாவது பாத்தீங்கன்னா, இதுல பெரிய வித்தை ஒண்ணும் கிடையாது. சோம்பேறித்தனமா நடந்தாத் தானா வரும். வலது காலை இப்படி லேசா—

— இடது கால் சார்! யாரு சோம்பேறி? ரெண்டு வருஷமா நீர் கோத்த முட்டியோட உங்க கண்ணுல படாம நொண்டிக்கிட்டிருக்கேன், என் ஆட்டம் எனக்குத் தெரியாதா? தள்ளி நில்லுங்க, நான் ஆடிக் காட்டுறேன்!