துடக்குக் கழிவுக்குச் செய்த துப்புரவு

இப்போதெல்லாம் நான் தனியாகவே பயணம் செய்கிறேன். ஆகவே பிறர் பேச்சு காதில் விழுகிறது. புறநகரான வெரிபீ செல்லும் தொடருந்தில், எனக்கு முன்னிருக்கையில் நடுவயது தாண்டிய இரண்டு பெண்கள் அமர்ந்திருந்தனர். இளையவர், கைப்பையை மடியில் இறுகப் பற்றியபடி சொன்னார்:

“உடம்பெல்லாம் மூடின உடுப்போட வந்த தீயணைப்புக்காரங்கள், என்ர வாக்யூம் கிளீனரையும் ட்ரம்முக்குள்ள போட்டு மூடிக் கொண்டு போட்டாங்கள், அக்கா.”

“ஏன், அதுக்கும் காய்ச்சலோ?” என்று மூத்தவர் சிரித்தார்.

“பகிடி விடாதேங்கோ. லோண்டரியில கிடந்த பழைய காஸ் மீற்றரை இவர் கழட்டினவர். உள்ளுக்கிருந்து பாதரசம் கொட்டிப்போட்டுது. வெள்ளி மணி மாதிரி உருண்டுது. நான் வாக்யூம் பிடிச்சு எடுத்துப்போட்டன்.”

“நல்லதுதானே?”

“இல்லையாம். மெசின் அதை நச்சு ஆவியாக்கி அறைக்குள்ளயே ஊதுமாம். மகளும் பிள்ளையும் எங்களோடதான் இருக்கினம்; அடுத்த நாள் பேரன் பிறந்து முப்பத்தோராம் நாள். பிள்ளை பிறந்த தீட்டு, அந்தத் துடக்குக் கழிக்க வேணுமெண்டு அதே மெசினால வீடு முழுக்கப் பிடிச்சனான்.”

மூத்தவரின் சிரிப்பு நின்றுவிட்டது.

“ஐயோ! பிள்ளை?”

“ஆஸ்பத்திரியில வைச்சிருக்கினம். ரத்தம் எடுத்தவை. ரிசல்ட் இன்னும் வரேல்லை.”

“மகள் உன்னை ஏசினவளோ?”

“ஏசேல்லை. ‘தொட்டிலுக்குக் கீழையும் பிடிச்சனீங்களோ, அம்மா?’ எண்டு மட்டும் கேட்டவள்.”

தொடருந்து ஒரு நிலையத்தில் நின்றது. கதவுகள் திறந்து, மீண்டும் மூடிக்கொண்டன.

“நீ என்ன சொன்னனீ?”

“ஓம் எண்டன். அங்கதான் ரெண்டு தரம் பிடிச்சனான்.”