நெட்டுக்குப்பத்துப் பெட்டி சீமைக்குப் போகிறது

அலையோசைக்கு மேலே தன் குரலைக் கேட்கவைத்து இந்தக் குப்பத்தைக் கட்டிக்காக்கும் தலைவர் சுப்புராயன் அவர்களே! வலையை உலர்த்திய கையோடு வந்து மணலில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! கூடையை இறக்கி, அடுப்பை அணைத்து, பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கும் என் தாய்மார்களே! திருவொற்றியூரிலிருந்து சைக்கிள் மிதித்து வந்திருக்கும் ஆலைத் தோழர்களே! முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் மங்கையே! மருத்துவச்சி ஜெயக்கொடியின் வணக்கம் உங்கள் எல்லோரையும் வந்து சேரட்டும்.

சீமைக்குப் போவது எப்படி என்று பேசச் சொல்லி என்னை அழைத்தார்கள். ஸ்காட்லாந்தில் பிரசவ மருத்துவம் படித்துத் திரும்பியவள் என்பதால் அழைத்தார்கள். அங்கம்மா அக்காவின் மகள் மங்கைக்கு அதே படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. வெள்ளிக்கிழமை நம் துறைமுகத்தில் கப்பல். பாஸ்போர்ட் வந்துவிட்டது. பயணச் சீட்டு வந்துவிட்டது. வராதது ஒன்றே ஒன்றுதான். தாய்மாமன் சம்மதம்! அந்தத் தாய்மாமன் யார்? இதோ, நம் தலைவரேதான். அவர் கை வைத்துத் தள்ளாமல் இந்தக் குப்பத்தில் புதுப் படகு தண்ணீரைத் தொடாது. அவர் கை வைக்காமல் மகளின் பெட்டியும் வாசலைத் தாண்டாது என்று அக்கா சொல்லிவிட்டார். அதனால்தான் பெட்டியை மேடைக்கே கொண்டுவரச் சொன்னேன். திறக்கிறேன், பாருங்கள்.

ஆகா! என்ன மணம், என்ன மணம்! அங்கம்மா அக்கா, கம்பளிச் சட்டைக்குள்ளா வஞ்சிரக் கருவாட்டைச் சுற்றி வைத்தீர்கள்?

சிரிக்காதீர்கள் ஐயா! அவர் என்ன சொல்கிறார், கேளுங்கள். "வெள்ளக்காரன் ஊர்ல இன்னா கெடைக்குமோ, கம்பளிக்குள்ள வெச்சா நசுங்காம போய்ச் சேருமேன்னு வெச்சேம்மா" என்கிறார். பெற்ற வயிறு அப்படித்தான் பேசும். ஆனால் தாயே, கடல் சூழ்ந்த நாட்டில் மீனுக்கா பஞ்சம்? மீன் உண்டு, குழம்புதான் இல்லை! மிளகாய்த்தூள் கொடுங்கள், புளி கொடுங்கள். கருவாட்டைத் தகர டப்பாவில் போட்டு, ஈயம் வைத்து அடைத்துக் கொடுங்கள். கம்பளியில் ஏறிய வாடை எத்தனை துவைத்தாலும் இறங்காது. குடியிருக்கும் வீட்டு அம்மாள் அந்தச் சட்டையைக் கொல்லையில் வீசிவிட்டால், பனி கொட்டும்போது உங்கள் பெண் எதைப் போட்டுக்கொள்வாள்?

தேங்காயெண்ணெயைக் குறுகிய வாய்ப் புட்டியில் ஊற்றாதே, மங்கை. அங்கே அது கல்லாய் உறைந்துவிடும். விரல் போகிற வாய் வேண்டும். கனத்த கோட்டை இங்கே வாங்காதே, நம் கடையில் கிடைப்பது அந்தக் குளிருக்குக் காணாது. மணலில் வெறுங்காலோடு நடந்தவள் நீ. இன்றைக்கே பூட்ஸைப் போட்டு நடந்து பழகு. அங்கே போய்க் கால் கொப்பளித்தால் வார்டில் எப்படி நிற்பாய்? சர்க்கரைக்கும் இறைச்சிக்கும் அங்கே இன்னும் ரேஷன் இருக்கிறது. போன கையோடு ரேஷன் புத்தகம் வாங்கிக்கொள். குளிர்காலத்தில் மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும். அழுகை வரும். அழு! அழுதுவிட்டு வேலைக்குப் போ.

முக்கியமானதைச் சொல்கிறேன். என்னோடு கப்பலில் வந்தவர் ராயபுரத்து மளிகைக்கடை மாசானம் அண்ணாச்சி. அம்மை குத்திய சான்றுக் காகிதம் காணாமல் போய்விடுமே என்று பெரிய பெட்டியின் அடியில், வேட்டிக்குள் வேட்டி சுற்றிப் பத்திரப்படுத்தினார். பெரிய பெட்டி கப்பலின் அடிவயிற்றுக்குப் போனது. கரை வந்தது. காகிதத்தைக் காட்டி நாங்கள் இறங்கினோம். அண்ணாச்சியோ மேல்தட்டில் நின்று, "ஏலே, எம் பெட்டிய எடுத்துத் தாங்கலே!" என்று கத்திக்கொண்டிருந்தார். அங்கே யாருக்கு அந்தத் தமிழ் புரியும்? ஆகவே, காகிதமெல்லாம் கைப்பையில். கைப்பை எப்போதும் உன் கையில்!

பெட்டி சரியாகிவிட்டது. இனி மனம் சரியாக வேண்டும்.

நேற்றுத் தலைவர் என்னிடம் என்ன சொன்னார்? "பொம்பள மரத்துல காலு வெச்சா கடலு தாங்காதும்மா" என்றார். கட்டுமரத்தில் பெண் ஏறக் கூடாதென்பது உங்கள் வழக்கம். அதைக் கேலி பேச நான் வரவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். தலைவரே, உங்கள் மனம் நோகும். நோகுமென்று தெரிந்தே கேட்கிறேன்.

போன ஐப்பசி அடைமழையில் சாலை முழுகிக் கிடந்தபோது, உங்கள் மூத்த மகளுக்கு இடுப்புவலி கண்டதே! அவளைப் படகில் படுக்கவைத்தது யார்? "வழக்கமாவது ஒண்ணாவது, ஏறுங்கடா!" என்று கத்தியது யார்? அலைக்குள் அந்தப் படகைத் தள்ளியது யார் கை? உங்கள் கை!

கடல் சீறியதா? கவிழ்த்ததா? இல்லையே! பெற்ற மகளைப்போல் ஏந்திவந்து, ராயபுரத்தில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு அருகே இறக்கியதே! மகள் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. வயிற்றுக்குள் குறுக்கே கிடந்தது அந்தப் பிள்ளை. வலி எடுத்தபோதே அதைத் திருப்பியிருக்கலாம். திருப்பத் தெரிந்த கை இந்தக் குப்பத்தில் இல்லை. என் கைக்கு வந்தபோது அது அழவில்லை ஐயா. நான்தான் அழுதேன்.

கடல் தாங்கியது, கரைதான் தாங்கவில்லை! மங்கை சீமைக்கு வேடிக்கை பார்க்கவா போகிறாள்? மினுக்கிக்கொண்டு திரியவா போகிறாள்? இந்தக் கரையில் இல்லாத அந்தக் கையைக் கொண்டுவரப் போகிறாள்! இங்கேயே திரும்பிவந்து இருப்பேன் என்று என்னிடம் வாக்குக் கொடுத்திருக்கிறாள். தலைவரே, அன்றைக்கு மகளுக்காகத் தள்ளிய கையை இன்றைக்கு மருமகளுக்காக நீட்டுங்கள். நீட்டும்வரை இந்த மேடையை விட்டு நான் இறங்கமாட்டேன். விடிந்தாலும் இறங்கமாட்டேன்!

பொறுங்கள்... சத்தம் போடாதீர்கள். தலைவர் எழுகிறார். வழிவிடுங்கள். பெட்டியைத் தொடுகிறார்... அட, தோளில் தூக்கிவிட்டாரே! என்ன சொல்கிறார்? பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது, நான் சொல்கிறேன். "ஹார்பர் வரிக்கும் நானே தூக்கினு வரேன். அந்தக் கருவாட்ட மட்டும் வெளிய எட்து வெய்யுங்க" என்கிறார்!

போதும், என் வேலை முடிந்தது. பேச வந்தவள் உட்காருகிறேன். போக வேண்டியவள் எழட்டும். மங்கை, மாமன் பின்னால் தலை நிமிர்ந்து நட! இவ்வளவு நேரம் காதும் மனமும் கொடுத்த உங்கள் எல்லோருக்கும் என் நன்றி. வெள்ளிக்கிழமை துறைமுகத்தில் சந்திப்போம். வணக்கம்!