மூன்று கோட் வெள்ளை

மன்னாரிலிருந்து வவுனியா போகும் காலை பஸ்ஸில் சாரதி, நடத்துநர், மீன் விற்கப் போகும் மூன்று பெண்கள், எனக்கு முன் இருக்கையில் இரண்டு ஆண்கள், பிறகு நான்.

முன்னால் இருந்த ஒருவர் சொன்னார்: "மச்சான், என்ர டாங்கியைக் கெடுத்துப்போட்டாய்."

இராணுவச் சோதனைச் சாவடியை இன்னும் தாண்டவில்லை. எட்டிப் பார்த்தேன். அவர் மடியில் சப்பாத்துப் பெட்டி; அதற்குள் உள்ளங்கையளவு பிளாஸ்டிக் யுத்த டாங்கி, முழு வெள்ளையில்.

"பனிக்குள்ள ஒளிக்கிற டாங்கி, வெள்ளை அடி எண்டுதானே சொன்னனீ?" என்றார் மற்றவர்.

"ஓம். அது சண்டைக்குள்ள அவசரத்தில விளக்குமாத்தால இழுத்த மாதிரி இருக்கவேணும். அடியில பச்சை தெரியவேணும். நீ கோயில் சுவருக்கு அடிச்ச மாதிரி ரெண்டு கோட் அடிச்சிருக்கிறாய்."

"மூண்டு. திருநாளுக்குக் கோயில் அடிக்கிறவன் நான். ஊத்தையா அடிக்கத் தெரியாது."

"பத்து மணிக்கு வவுனியாவில மொடல் போட்டி. ரெண்டு மாசமா இருந்து, துருப்பிடிச்ச பழைய டாங்கி மாதிரித் தெரிய பெயின்றால கறள் வைச்சனான். அது எங்க?"

"மண்தாளால தேய்ச்சுப்போட்டன். கறளுக்கு மேல பெயின்ற் நிக்காது."

டாங்கிக்காரர் வேர்வையைத் துடைத்துவிட்டு, வீட்டுக் கதவுத் திறப்பை எடுத்து அதன் பல்லால் வெள்ளையைச் சுரண்டத் தொடங்கினார்.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த பெயின்ற்காரர் முகத்தை யன்னல் பக்கம் திருப்பினார்.

"ஆர் அடிச்சதெண்டு அங்க கேட்டா, என்ர பேரைச் சொல்லிப்போடாத."