ஆணியில தொங்குற பேரு

இல்ல மேடம், குறுக்க வராதீங்க. வரிசையா சொன்னாத்தான் எனக்கு வரும். கம்பெனி வாசல்ல சங்கத்து கேட் மீட்டிங்ல பேசிப் பேசி நாக்கு அப்படிப் பழகிடுச்சு.

முதல் அநியாயம், எங்க கழனியை கம்பெனிக்கு எடுத்துக்கினு வூட்டுக்கு ஒருத்தருக்கு வேலைன்னாங்க. சும்மா சொல்லக் கூடாது, குடுத்தாங்க. அதே கழனியில புல்லு வெட்டுற வேலை.

ரெண்டாவது, கெஞ்சிக் கூத்தாடி லைனுக்குள்ள போனா, ட்ரெய்னின்னு பேர் வெச்சாங்க. தலை நரைக்கிற வரைக்கும் ட்ரெய்னி. அப்படி இன்னாத்தைக் கத்துக் குடுத்துகினு இருந்தாங்களோ, இன்னி வரைக்கும் தெரியல.

மூணாவது, சங்கம் ஆரம்பிச்சோம். மெஷினாண்டயே உக்காந்து போராட்டம். உள்ளயே உக்காந்துகினு இருந்த எங்க எல்லாருக்கும் ஆப்சென்ட் போட்டாங்க. போட்டவரு ரகுபதி, எங்க லைன் சூப்பர்வைசர், திருநெல்வேலிப் பக்கத்து ஆளு. என் முட்டி அவரு ஷூ மேல இடிச்சுகினு கீது, என் பேருக்கு நேரா ஆப்சென்ட்.

நாலாவது, விசாரணைன்னு ஒண்ணு வெச்சாங்க. ஏசி ரூமு, பிஸ்கட்டெல்லாம் உண்டு. நிர்வாகத் தரப்பு சாட்சி அதே ரகுபதி. கோபால் அன்னிக்கு வேலைக்கே வரலைன்னாரு. என் மூஞ்சியைப் பாத்து சொல்லல, டேபிள் மேல இருந்த தண்ணி பாட்டிலைப் பாத்து சொன்னாரு. அதோட என் வேலை போச்சு.

அஞ்சாவதா? அது உங்க இலாகா மேடம். அதுக்குக் கையெழுத்துப் போடத்தான் வட்டாரக் கல்வி ஆபீஸ்ல இருந்து இவ்ளோ தூரம் வந்துகீறீங்க.

நான் யாரா? இந்த ஸ்கூல் மேலாண்மைக் குழு மெம்பர். முன்னாள் மாணவர்னு ஒரு இடம் கீதே, அதுல வந்தேன். அஞ்சாவது வரைக்கும் இங்கதான் படிச்சேன். அதுக்கு மேல படிச்சதெல்லாம் துண்டறிக்கை. சிரிங்க, பரவால்ல. இப்போ பொழப்பு ஷேர் ஆட்டோ. சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன்ல இறங்கற கம்பெனி பசங்களை கேட்ல கொட்டிட்டு, அப்புறம் இந்த ஸ்கூல் பசங்களை ஏத்துவேன். அதுல ஒண்ணுதான் வேல்விழி. ரெண்டாங்கிளாஸ். உங்க பேப்பர்ல சிறப்புக் கவனம் தேவைப்படும் குழந்தைன்னு அழகா போட்டுகீது. கவனம்தான் இன்னும் வந்து சேரல.

அந்தப் பொண்ணு பேசாது. சத்தம் ஆவாது. ஆனா வழக்கமா போற ரோட்டை விட்டுக் கொஞ்சம் திருப்பினேன்னு வைங்க, என் சட்டையைப் புடிச்சு இழுத்துடும். பஞ்சர் ஒட்டப் போறேம்மான்னு நான் விளக்கம் குடுத்துட்டுத்தான் போவணும். எந்த நிர்வாகமும் என்னாண்ட இப்படி விளக்கம் வாங்கினதில்ல.

சாய்தளத்தைப் பாத்தீங்களா? வீல் சேர் படமெல்லாம் வரைஞ்சு வெச்சுகீறாங்க. ஏறிப் போனா பூட்டின கதவு. சாவி எங்கன்னு யாருக்கும் தெரியாது. போட்டோ மட்டும் மேல போயிடுச்சு.

சரி, விஷயத்துக்கு வரேன். நீங்க எடுத்துகினு வந்த பேப்பர் இன்னா சொல்லுது? வேல்விழி வருஷம் பூரா ஸ்கூலுக்கே வரல, அதனால வூட்டுவழிக் கல்விக்கு மாத்தலாம். அதானே? நான் ஆட்டோவுல ஏத்திக்கினு வந்து, கையைப் புடிச்சு உள்ள உட்ட பொண்ணு, வரவே இல்லையாம்.

பகலவன் சார் கெட்டவர் இல்ல மேடம். ரெண்டு கிளாஸை ஒண்ணா மேய்க்கிறாரு. மணி அடிச்சதும் செல்போன்ல அட்டெண்டன்ஸ் ஏத்தணும், லேட்டானா மேல இருந்து போன் வரும். அதனால குனிஞ்சுகினே பேர் படிப்பாரு. உள்ளேன் ஐயான்னு சத்தம் வந்தா வந்தது, வரலைன்னா வரல. தலையைத் தூக்கிப் பாக்க அவருக்கு நேரம் ஏது? அத்தினி பசங்க உள்ளேன் ஐயா, உள்ளேன் ஐயான்னு கத்தற கத்துல இந்தப் பொண்ணு காதைப் பொத்திகினு சமையல் ரூம் சுவராண்ட போய் உக்காந்துடும். அதுக்குள்ள ஆப்சென்ட்.

பாஞ்சாலியைக் கேளுங்க, காலை சாப்பாடு அதுதான் போடுது. வேல்விழி தினமும் உப்புமாவோ பொங்கலோ சாப்புட்டு தட்டைக் கழுவிக் கவுத்து வெச்சுகீது. வராத பொண்ணு பொங்கலை எப்படி சாப்புட்டுச்சுன்னு ஜாஸ்மின் டீச்சராண்ட கேட்டேன், ஹெட்மாஸ்டர் ஆச்சே. அவங்க சிஸ்டம்ல அப்படித்தான் காட்டுதுன்னாங்க. சரிதான், பொங்கலையும் சிஸ்டம்தான் சாப்புட்டுகீது போல.

இதுல ஒரு கூத்து, பிள்ளை வரலைன்னா பெத்தவங்களுக்கு மெசேஜ் போவுதாமே. அம்மா சுகப்பிரியா போன் செய்யற கம்பெனியில லைன்ல நிக்குது. முதல் நாள் டீ பிரேக்ல லாக்கரைத் தொறந்து தன் போனைப் பாத்தா, உங்கள் பிள்ளை இன்று பள்ளிக்கு வரவில்லை. பிள்ளை தொலைஞ்சுதுன்னு யூனிபாரத்தோட ரோட்டுல ஓடி வந்துச்சு. இங்க வந்து பாத்தா பொண்ணு தட்டு கழுவிகினு கீது. அப்புறம் தினமும் அதே மெசேஜ். பழகிடுச்சு அதுக்கு.

இல்ல மேடம், வூட்டுவழிக் கல்வி நல்ல திட்டம்தான், யார் இல்லைன்னா? படுத்த படுக்கையா கீற பசங்களுக்கு. இதுக்கு இன்னா நடக்கும் தெரியுமா? வாரத்துக்கு ஒரு தடவை யாராச்சும் வந்து பந்து உருட்டிட்டுப் போவாங்க. மீதி நாள்? அப்பா அம்மால இருங்காட்டுக்கோட்டை ஷிப்ட் ஒருத்தருக்கு, ஒரகடம் ஷிப்ட் ஒருத்தருக்கு. வாடகை ரூமு, ஒரே ஜன்னல். போன லீவுல அந்தப் பக்கம் சவாரி போனேன். கதவு வெளிய பூட்டிகீது. உள்ள இருந்து இந்தப் பொண்ணு ஸ்பூனால ஜன்னல் கம்பியைத் தட்டிகினே கீது. ஆட்டோவை நிறுத்தினேன். என் சட்டையைப் புடிச்சு இழுக்கறதுக்குக் கையை வெளிய நீட்டிச்சு.

நான் மைக் செட்டுக்கு சொல்லி உட்டுட்டேன், ஸ்கூல் வாசல்ல கேட் மீட்டிங் போடறதுக்கு. கலைமதி டீச்சர்தான் நிறுத்தினாங்க. சிறப்பாசிரியை, வாரத்துக்கு ஒரு நாள்தான் இங்க, மத்த நாளெல்லாம் வாலாஜாபாத் வரைக்கும் ஸ்கூல் ஸ்கூலா ஸ்கூட்டியில சுத்தறாங்க. அண்ணே, யாருக்கு சத்தம் ஆவாதோ அவளுக்காகவா மைக் கட்டறீங்கன்னாங்க. முப்பது வருஷப் போராட்ட வாழ்க்கையில என் வாயை அடைச்ச ஒரே கேள்வி.

அவங்க சொல்லித்தான் இந்தப் பலகை. ஆளுக்கு ஒரு அட்டை, பேரும் படமும். வந்தவன் தன் அட்டையை எடுத்து ஆணியில மாட்டணும். வாயே திறக்க வேணாம். அந்தக் காலத்து கம்பெனியில டோக்கன் போர்டுன்னு இருக்கும் மேடம், அதே சங்கதி. ஆணி அடிச்சது மட்டும் நான். எல்லாப் பசங்களும் மாட்டுது, வேல்விழியும் மாட்டுது. பேரை மெதுவா ஒரு தடவை சொன்னாப் போதும், எழுந்து வரும். பகலவன் சார் ஆணியைப் பாத்து பிரசென்ட் போட ரெடி. ஆணிக்கு மேலிடத்து உத்தரவு இல்லைன்னு ஹெட்மாஸ்டர் பயப்படறாங்க. நீங்க ஒரு தடவை கண்ணால பாத்துட்டா உத்தரவு ஆச்சு. பாத்துட்டு அப்புறம் எதுல வேணா கையெழுத்துப் போடுங்க.

ஃபேனை நிறுத்து பாஞ்சாலி, சத்தம் வேணாம். எல்லாரும் இப்படி வந்து உக்காருங்க. நீங்கதான் சாட்சி.

யாரு, கேட்டாண்ட ஹெல்மெட்டைக் கழட்டாம நிக்கிறாரே, அவரா? பொண்ணோட அப்பாதான். அந்த ஆப்சென்ட் மெசேஜ் அவரு போனுக்கும் வருஷம் பூரா போச்சு மேடம். போன வாரம் ராவுல ஆட்டோ ஸ்டாண்டாண்ட வந்து நின்னாரு. அந்த மெசேஜைக் காட்டி போனை நீட்டினாரு. மீட்டிங்குக்கு வந்துடுங்கன்னேன்.

ஹெல்மெட்டைக் கழட்டிட்டு உள்ள வாங்க சார். அந்த வாட்டி நிர்வாகத் தரப்பு. இந்த வாட்டி நம்ம தரப்பு சாட்சி நீங்க. பலகையைப் பாருங்க, தண்ணி பாட்டில் எதுவும் வெக்கல.

என் குரல் மைக் இல்லாம அடுத்த கம்பெனி கேட் வரைக்கும் கேக்கும் மேடம். இந்தப் பேரை மெதுவாத்தான் படிக்கணும். இருங்க, தொண்டையை சரி பண்ணிக்கறேன்.

ரெண்டாம் வகுப்பு. தகப்பனார் பெயர், ரகுபதி.

வேல்விழி.