பதினான்காம் கோப்பின் இரண்டாவது வரைபடம்

ஒரு கடலை மிட்டாயைப் பதினாறு துண்டாக உடைக்கத் தெரியாதவர்கள் இந்த வேலைக்கு வரக் கூடாது என்று புதிதாகச் சேருகிறவர்களிடம் நான் சொல்வது வழக்கம். துண்டு பெரிதாக இருந்தால் குழந்தை மென்றுகொண்டே இருக்கும், அடுத்த முறைக்கு நேரம் போய்விடும். பத்து முறைக்குள் வயிறும் நிறைந்துவிடும். இன்னொன்று கிடைக்காதா என்று நம் முகத்தைப் பார்க்க வைக்கும் அளவுதான் சரியான அளவு. அதையும் ஒரு வினாடிக்குள் கொடுத்துவிட வேண்டும். தாமதித்தால் எதற்காகக் கிடைத்தது என்று குழந்தைக்குப் புரியாது.

ஞானகுமாரி மேடம், இந்தக் குழந்தைப் பயிற்சி மையத்தின் பொறுப்புக்கு நீங்கள் வந்து இரண்டு மாதம் ஆகிறது. பழைய கோப்புகளை முழுதாகப் படிக்கிற முதல் ஆள் நீங்கள்தான். பதினான்காம் கோப்பில் இரண்டு வரைபடங்கள் ஏன், இரண்டாவதில் குழந்தையின் பெயர் ஏன் இல்லை, அதன் வலது ஓரத்தில் மட்டும் தள்ளி ஒரு புள்ளி ஏன் என்று நேற்று கேட்டீர்கள். வாயால் சொன்னால் எதையாவது விட்டுவிடுவேன். அதனால் எழுதித் தருகிறேன்.

கஜபதியை 1991 டிசம்பரில் அழைத்து வந்தார்கள். ஆறு வயது. பேச்சு இல்லை. அப்பா துலுக்கானம், பாடியில் இரும்பு வார்க்கிற ஒரு பவுண்டரியில் வேலை செய்தார். வீடு திருமுல்லைவாயிலில், ரயில் பாதையிலிருந்து கூப்பிடு தூரம். அம்மா நாகவல்லி முதல் நாள் சொன்னதை அவர் சொன்னபடியே முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

“அவன் பேசலன்னாலும் பரவால்ல சார். நில்லுன்னா நிக்கணும். அது ஒண்ணு கத்துக்குடு, போதும். ரயிலு சத்தம் கேட்டா கைய உதறிகினு ஓட்றான். அவன் கைய புடிச்சி புடிச்சி என் கையே காச்சிப்போயி கீது, பாரு.”

அதற்குக் கீழே என் கையெழுத்தில் ‘முதல் இலக்கு: வா’ என்று இருக்கும்.

ஏன் ‘நில்’ இல்லை என்பதை விளக்க வேண்டும். ‘நில்’ கற்பிப்பது கடினம். ஒன்றைச் செய்யாமல் இருப்பதற்குப் பரிசு கொடுக்க வேண்டும். எந்த நொடியில் கொடுப்பது என்பதே பெரிய சிக்கல். ‘வா’ அப்படியல்ல. தொடக்கமும் முடிவும் தெளிவாகத் தெரியும். இதெல்லாம் உண்மை. இன்னொன்றும் உண்மை. நிற்கிற குழந்தையைப் பார்த்தால், மையத்துக்கு வருகிறவர்களுக்கு அதில் ஒன்றும் தெரியாது. கூப்பிட்டதும் ஓடி வருகிற குழந்தையைப் பார்த்தால் கை தட்டுவார்கள்.

பயிற்சி இப்படி நடந்தது. நாகவல்லி பையனின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நான் மூன்றடி தள்ளி நின்று “கஜா, வா” என்பேன். அவர் உடனே கையை விட்டு முதுகில் லேசாகத் தள்ள வேண்டும். அவன் வந்ததும் மிட்டாய்த் துண்டு. பிறகு ஆறடி, பத்தடி. தள்ளுவதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திவிட வேண்டும். கையை விடுவது மட்டும் இருக்கும்.

முதல் வாரங்களில் அவர் கையை விடத் தயங்கினார். அந்த அரை வினாடி என் கணக்கைக் கெடுத்தது. நீங்கள் பிடித்திருந்தால் என் சொல்லைக் கேட்க மாட்டான், உங்கள் கையைத்தான் கேட்பான் என்று விளக்கினேன். அவர் சட்டென்று விடும்போதெல்லாம் “ரொம்ப நல்லா செஞ்சீங்கம்மா” என்றேன். அவருக்கு மிட்டாய் தேவைப்படவில்லை. அந்த வீட்டில் அவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. மூன்றாம் மாதம், பக்கத்து வீட்டுக்காரியோடு பேசிக்கொண்டிருக்கும்போதுகூட, ‘வா’ என்ற சொல் காதில் விழுந்தால் அவர் விரல்கள் தாமாகத் திறந்தன.

துலுக்கானம் ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார். “இன்னா சார், என் புள்ளக்கி மட்டுந்தானா? எனுக்கும் ஒரு துண்டு காட்டு, கூப்ட்டா நானும் ஓடியாறேன்” என்பார். நாகவல்லி, “ஆமா, சாராயக் கட பக்கம் நின்னுகினு கூப்புடு சார், மிட்டாயே வாணாம்” என்பார். சிரிப்புள்ள வீடு அது.

ஜூன் மாதம் நாகவல்லி மறுபடி கேட்டார். “வான்னா வர்றான் சார், பாக்கவே ஆசையா கீது. நில்லு எப்ப சார்?” ‘வா’ முடிந்ததும் என்றேன்.

எங்கள் வேலையில் ஒன்று எப்போது முடிந்தது என்பதற்கு விதி உண்டு. வீட்டில் பத்துக்குப் பத்து வர வேண்டும், மையத்தில் பத்துக்குப் பத்து வர வேண்டும். அதன் பிறகு, சொல்லிக் கொடுக்காத ஓர் இடத்தில், எதிர்பாராத நேரத்தில் ஒரு முறை. வீட்டிலும் மையத்திலும் முடிந்திருந்தது. அந்த ஒரு கட்டம் காலியாக இருந்தது. 1992 ஆகஸ்டில், ஒரு திங்கட்கிழமை, எங்கள் வேலையைப் பார்க்க ஒரு பெரிய டாக்டர் வருவதாக இருந்தது. அதற்கு முந்தைய சனிக்கிழமை மாலை நான் அம்பத்தூரிலிருந்து ரயிலில் போய்த் திருமுல்லைவாயிலில் இறங்கினேன்.

வண்டி போனதும் எதிர்ப்பக்கம் தெரிந்தது. பாதைக்கு அப்பால் கீரை விற்கிறவளிடம் நாகவல்லி பேரம் பேசிக்கொண்டிருந்தார். முதுகு என் பக்கம். இடது கையில் பையனின் கை. அவன் என்னைப் பார்த்துவிட்டான். சொல்லிக் கொடுக்காத இடம், எதிர்பாராத நேரம். இரண்டும் அமைந்திருந்தன.

சொன்ன நொடிக்கும் முதல் அடிக்கும் இடையில் எத்தனை வினாடி என்று குறிக்க வேண்டும். ஆகவே கூப்பிட்டதும் கண் கடிகாரத்தில் இருக்க வேண்டும். என் கண் கடிகாரத்தில் இருந்தது. இரண்டு வினாடி. நிமிர்ந்தபோது ஆவடிப் பக்கமிருந்து எக்ஸ்பிரஸ் வந்துவிட்டது.

அது நீளமான வண்டி. முழுவதும் கடந்து முடிவதற்குள் நான் பிளாட்பாரத்தின் மறுகோடிக்குப் போய்விட்டேன். பிறகு எல்லோரோடும் ஓடி வந்தேன். நாகவல்லி இடது கையை விரித்தபடியே நின்றுகொண்டிருந்தார்.

முதல் வரைபடத்தின் கடைசிக் கட்டத்தில் ஒரு சரி குறியும், ‘2 வி.’ என்பதும் இருக்கும். அன்று வீட்டுக்குப் போய்க் குறித்தேன். அவன் வந்தான் என்பது உண்மைதானே.

ஏன் அன்றே சொல்லவில்லை என்று கேட்பீர்கள். மையத்தில் அப்போது இருபத்தாறு குழந்தைகள். சொல்லியிருந்தால் மூடியிருப்பார்கள். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இனி இரண்டாவது வரைபடம். பதினாறாம் நாள் சடங்கு முடிந்த பின் வாரம் ஒரு மணி நேரம் நாகவல்லியைப் பார்க்கப் போனேன். குடும்பத்துக்கு ஆறுதல் சொல்வதும் எங்கள் வேலைதான். அவர் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

“யாரோ கூப்ட்டாங்க சார். காதுல உழுந்துச்சு. இல்லாங்காட்டி என் கை ஏன் சார் உடும்?”

முதல் வாரம் ஒரு மணி நேரத்தில் பதினேழு முறை. நான் எண்ணினேன். எண்ணுவது பழக்கம்.

ஒரு பேச்சைக் குறைக்க அதை மறுக்கக் கூடாது. மறுப்பதும் ஒரு கவனிப்பு. அவர் அதைச் சொல்லும்போது நான் பையிலிருந்து எதையாவது எடுப்பேன், ஜன்னல் பக்கம் பார்ப்பேன். ஆனால் வெறுமே பாராமலிருந்தால் போதாது. அந்த இடத்தில் வைக்க வேறொரு பேச்சு வேண்டும். மூன்றாம் வாரம், அழுகைக்கு நடுவில், “நான் புடிச்சிகினு இருந்திருக்கணும்” என்றார். உடனே முன்னால் குனிந்து, “சொல்லுங்கம்மா” என்றேன். தலையாட்டினேன். தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். ஒரு வினாடிக்குள்.

பதினேழு பதினொன்றானது. பிறகு ஆறு. பதினொன்றாம் வாரம் பூஜ்யம். அதற்குள் அவர் வேறொரு வாக்கியத்துக்கு வந்திருந்தார். “நான்தான் கைய உட்டேன்.” அவர் வாயாலேயே சொன்னதால் துலுக்கானமும் நம்பினார். முதலில் மனைவி கையால் வாங்கிச் சாப்பிடுவதை நிறுத்தினார். அடுத்த தைக்குள் வீட்டையே விட்டுப் போய்விட்டார்.

இறங்குகிற கோடுகளில் அதைவிட ஒழுங்கானதை நான் போட்டதில்லை. அதைக் கிழித்தெறிய எனக்கு ஏன் மனம் வரவில்லை என்பதையும் அதில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தனிப் புள்ளி இந்த ஆண்டு பிப்ரவரியில் வைத்தது. ஆறு ஆண்டுகளாக ஸ்டேஷனில் நிற்கும்போதெல்லாம் என் கண் கடிகாரத்துக்குப் போய்விடுகிறது. தாங்க முடியாமல் திருநின்றவூருக்குப் போனேன். நாகவல்லி இப்போது அங்கே அக்கா பொன்னியம்மா வீட்டில் இருக்கிறார். நான் தெருமுனையில் திரும்பும்போது, பொன்னியம்மாவின் சின்ன மகளோடு கடையிலிருந்து வந்துகொண்டிருந்தார். அந்தப் பெண் கையைக் கேட்டாள். அவர் கையைக் கொடுக்கவில்லை, முந்தானை நுனியைக் கொடுத்தார். அவள் அதைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

உள்ளே உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். “அம்மா, உங்க காதுல விழுந்தது நிஜம். கூப்பிட்டது நான்தான். பிளாட்பாரத்திலேர்ந்து வான்னு கூப்பிட்டேன். நீங்க கையை விட்டது நான் பழக்கினதால.”

அவர் என்னையே பார்த்தார். பிறகு சிரித்தார். வந்தவர் மனம் நோகக் கூடாது என்று சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு.

“நீ நல்ல மனுசன் சார். என் பாரத்த எறக்கணும்னு இப்டிலாம் சொல்ற. அப்ப வாரா வாரம் நீதான் வந்துகினு இருந்த, வேற யாரு வந்தா? யாரும் கூப்புடல சார். நான்தான் கைய உட்டேன்.”

சொல்லி முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் பழக்கிய எல்லோரும், சரியாகச் செய்து முடித்ததும், அப்படித்தான் பார்ப்பார்கள்.

மேடம், நான் உண்மையைச் சொன்னேன். ஏற்காதது அவர். இதையும் கோப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அப்படிப் பார்க்கிறவரைக் காத்திருக்க வைப்பது தவறு. அதனால் தலையாட்டினேன், ஒரு வினாடிக்குள்.