முகத்தளவு நூல்

தேத்தண்ணீருக்குச் சீனி போடவேண்டாம், ஐயா. பனங்கட்டி ஒரு துண்டைக் கடித்துக்கொண்டு குடித்துத்தான் எனக்குப் பழக்கம். இங்கே இல்லையென்றால் பரவாயில்லை, வெறுந் தேத்தண்ணீரே போதும்.

சாந்து குழைக்கிற ஏரம்பு அண்ணையை விட்டுவிட்டீர்கள் என்று வாசலில் நிற்கும் பொலிஸ்காரத் தம்பி சொன்னார். நல்லது. அவருக்கு இருமல். சீமெந்துத் தரையில் படுத்தால் இன்னும் கூடும். அவர் செய்யாததற்கு அவரைப் பிடித்து வைத்திருந்தீர்கள். நான் சொல்லியிருந்தால் அன்றைக்கே விட்டிருப்பீர்கள். நீங்கள் என்னைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இனி நீங்கள் கேட்டபடி முதலிலிருந்து சொல்கிறேன்.

என் பெயர் சிவனேஸ்வரி. அக்கராயன் குளத்துக்குக் கீழே எங்களுக்குக் காணி கிடைத்து, குடாநாட்டிலிருந்து லொறியில் வந்திறங்கியபோது என் தங்கை அருந்ததிக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்தது. அம்மா அதற்கு முந்தின வருடமே போய்விட்டா. அப்பு காட்டை வெட்டினார், நான் அருந்ததியை வளர்த்தேன். மலேரியாவில் அவள் நடுங்கியபோது வீட்டிலிருந்த சேலைகள் எல்லாவற்றாலும் சுற்றி மடியில் வைத்திருந்தேன். என்னைப் பெண் பார்க்க ஆட்கள் வந்தார்கள். பிள்ளையை யாரிடம் விடுவது என்று அப்பு ஒருமுறை கேட்டார். அதன் பிறகு வந்தவர்களை நானே வேண்டாம் என்றேன். ஊரார் அதைப் பெரிதாகப் பேசினார்கள். நான் பேசியதில்லை. என் வீட்டில் எனக்கு வேலை இருந்தது, அவ்வளவுதான்.

எங்கள் அம்மன் கோயில் ஓலைக் கொட்டிலாகத்தான் இருந்தது. வயல் தொடர்ந்து நன்றாக விளைந்ததும், முன்மண்டபமும் வாசல் வளைவும் கட்டுவதென்று ஊர் கூடி முடிவெடுத்தது. அந்த வேலைக்கு வந்தவர்தான் தில்லைநாதன். குடாநாட்டு ஆசாரி குடும்பம். சிலையும் செய்வார், கட்டடமும் கட்டுவார். கோயிலுக்குப் பக்கத்துக் காணி எங்களுடையது என்பதால் அவருக்குச் சாப்பாடு எங்கள் வீட்டில். எனக்கு இரண்டு வயது மூத்தவர். ஆனாலும் அருந்ததி கூப்பிடுவதைக் கேட்டு என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டார்.

கட்டட வேலையில் நான் அறிந்ததெல்லாம் சோறு போடும்போது கேட்டது. மனிதர் சாப்பாட்டை மறந்து கதைப்பார். சுவர் தன் பாரத்தை நேரே கீழே இறக்கும். வளைவோ இரண்டு பக்கமும் தள்ளிக் கால்களிடம் கொடுக்கும். உச்சி இறுகும்வரை பலகையும் முட்டுக்கம்பும்தான் அதைத் தாங்கவேண்டும்.

"அதுமட்டும் அது குழந்தைப் பிள்ளை, அக்கா. இறுகினாப் பிறகு தானே நிக்கும். முட்டுக்கம்பைத் தட்டி எடுக்கலாம்."

"பிள்ளை வளர்க்கிற மாதிரித்தான்," என்றேன்.

"ஓம். ஆனால் பிள்ளையின்ர முட்டுக்கம்பை எடுக்கத் தாய்மாருக்கு மனம் வராது," என்று சிரித்தார்.

அவருடைய பரம்பரையில் ஒரு வழக்கம். முட்டுக்கம்பைத் தட்டும்போது கட்டினவன் வளைவுக்குக் கீழே நிற்கவேண்டும். தன் வேலையில் நம்பிக்கை இல்லாதவன்தான் வெளியே நிற்பான் என்று அவருடைய தகப்பனார் சொல்வாராம். இதையும் நான் சோறு போடும்போதுதான் கேட்டேன்.

மண்டபச் சுவரின் மாடத்தில் முதலில் ஒரு லட்சுமி செய்தார். சுதைச் சிலை. செங்கல்லும் கம்பியும் எலும்பு, கரட்டுச் சாந்து தசை, வெண்ணெய்போல அரைத்த சாந்து தோல் என்பார். உருவத்துக்கு அளவு முகம்தான். நெற்றியில் மயிர் தொடங்கும் இடத்திலிருந்து நாடிவரை ஒரு முகம். அப்படி ஒன்பது முகம் சேர்ந்தால் ஒரு உருவம். ஒருநாள் நான் மா இடித்துக்கொண்டிருந்தபோது ஒரு நூலோடு குசினி வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, கொஞ்சம் அசையாமல் நில்லுங்கோ. மாடத்தின்ர உயரத்துக்கு உங்கட முகம் சரிவரும் போலக் கிடக்கு."

நூலின் ஒரு முனையை என் நெற்றியிலும் மற்றதை நாடியிலும் பிடித்து, இரண்டு பக்கமும் முடிச்சுப் போட்டார். என் கையெல்லாம் மா. அருந்ததி திருவலையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். "அக்கா மூச்சு விடு, செத்துப்போவாய்," என்று பகிடி பண்ணினாள்.

அந்த நூலை வைத்துத்தான் கழுத்து, மார்பு, தொப்புள், முழங்கால் எல்லாம் அளந்தார். சாப்பாடு கொண்டுபோகும்போது பார்ப்பேன். முகத்தைக் கடைசியில் செய்தார், கண் மட்டும் திறக்கவில்லை. கண்ணைக் கும்பாபிஷேகத்துக்கு முன்தான் திறப்பார்களாம். சிலையை மூடியிருந்த சாக்கை விலக்கிக் காட்டிய அன்று அப்புதான் முதலில் சிரித்தார். "இது எங்கட அருந்ததியெல்லோ," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அருந்ததி முகத்தை மூடிக்கொண்டு ஓடினாள். தில்லைநாதன் தலையைக் குனிந்துகொண்டு சாந்துக் கரண்டியைக் கழுவினார். அந்த ஒரு சிரிப்பிலேயே கலியாணம் பேசி முடிந்துவிட்டது. தையில் கும்பாபிஷேகம், மாசியில் கலியாணம். பிறகு அவளைக் குடாநாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவதாகப் பேச்சு.

அளவு என்னுடையது, முகம் அவளுடையது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை, ஐயா. நடந்ததைச் சொல்கிறேன்.

எனக்கு இருந்த கவலை ஒன்றுதான். ஊர் ஊராகப் போய்க் கட்டுகிற மனிதர். இந்தப் பிள்ளையை ஒரு வாடகை வீட்டில் தனியே விட்டுவிட்டுத் திரிவார். அவளுக்குச் சோறு வடிக்கவும் ஒழுங்காகத் தெரியாது. இதை அவளிடமே சொன்னேன்.

"அப்ப நீயும் எங்களோட வா அக்கா," என்றாள். "குசினி உன்ர கையில. நான் ராசாத்தி மாதிரி இருப்பன்."

அன்பாகத்தான் சொன்னாள். என் தோளில் சாய்ந்துகொண்டு சொன்னாள்.

இனிப் பனங்கட்டிக்கு வருகிறேன். சுண்ணாம்புச் சாந்துக்குக் கடுக்காய்த் தண்ணீரும் பனங்கட்டித் தண்ணீரும் சேர்ப்பார்கள். பிடிப்பு வரும். அதை ஊறவைத்துக் காய்ச்சிக் கொடுப்பது என் வேலை. சாந்து குழைப்பது ஏரம்பு அண்ணை. வளைவு மட்டும் கம்பி கட்டிச் சீமெந்துக் கொங்கிரீட்டில். சீமெந்துக்கு இனிப்புப் பட்டால் அது இறுகாது. அதனால் தில்லைநாதன் இரண்டு தண்ணீர்ப் பீப்பாய் வைத்திருந்தார், ஒன்றின் தண்ணீர் மற்றதில் படக்கூடாது என்று. ஏரம்பு அண்ணைக்கு அது பிடிக்கவில்லை.

"சீமெந்தும் சுண்ணாம்பின்ர மச்சான்தானே, தம்பி. மச்சானுக்குக் கொஞ்சம் இனிப்புக் குடுத்தால் கோவிப்பானோ?"

"குடுத்துப் பாருங்கோ அண்ணை. குந்தியிருந்த இடத்தை விட்டு எழும்பமாட்டான்."

வேலைக்காரர் எல்லோருக்கும் முன்னால் நடந்த கதை இது. இதை நான் மறக்கவில்லை. ஏதும் பிழைத்தால் ஊர் யாரைப் பார்க்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

கார்த்திகையில் மழை விட்ட ஒருநாள் கொங்கிரீட் போட்டார்கள். காலையில் வளைவின் இரண்டு கால்களும் தோள்களும். சாப்பாட்டுக்குப் பிறகு உச்சி. எல்லோரும் எங்கள் வீட்டில் சாப்பிட்டார்கள். கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கையிலைச் சுண்டல். தில்லைநாதனுக்கு இரண்டாம் தரம் சோறு போட்டு, மோர் எடுத்து வருகிறேன் என்று எழுந்து பின்வழியால் கோயிலுக்குப் போனேன். பொங்கலுக்கென்று ஓலைக் குட்டான்களில் வைத்திருந்த பனங்கட்டி எல்லாவற்றையும் காலையிலேயே ஒரு பானையில் கரைத்து, வேலியோரம் வைத்திருந்தேன். அதைச் சீமெந்துக்கு வைத்திருந்த தண்ணீர்ப் பீப்பாயில் ஊற்றினேன். மாரிகாலத்துக் குளத்துத் தண்ணீர் வரும்போதே தேத்தண்ணீர் நிறம். வித்தியாசம் தெரியவில்லை. திரும்பி வந்து மோர் கொடுத்தேன். அருந்ததி அவருக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

கால்கள் இன்னும் நிற்கின்றன, நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர் வேலை தெரிந்தவர். உச்சி மட்டும்தான் என்னுடையது.

அடுத்த நாள் விரலால் அழுத்திப் பார்த்தார். "மாரி ஈரம். இறுகச் சுணங்கும்," என்று முட்டுக்கம்பை இன்னும் கொஞ்ச நாள் விட்டுவைத்தார். கொங்கிரீட் இறுகும்வரை சாக்குப் போட்டுத் தண்ணீர் தெளிக்கவேண்டும். அதை என்னிடம் ஒப்படைத்தார். காலையும் மாலையும் தெளித்தேன். ஒருநாளும் தவறவில்லை, நீங்கள் யாரையும் கேட்கலாம். முட்டுக்கம்பில் எறும்பு வரிசையாக ஏறியது. "எறும்புக்கும் எங்கட கோயில் பார்க்க ஆசை," என்று அருந்ததி சொன்னாள். அவர் சிரித்தார். பிறகு வெயில் வந்து மேல்தோல் காய்ந்து வெளுத்தது. அதன்மேல் ஏரம்பு அண்ணை நல்ல சாந்து பூசினார்.

பொங்கலன்று பனங்கட்டி எங்கே என்று அருந்ததி கேட்டாள். எறும்பு மொய்த்துவிட்டது, கொட்டிவிட்டேன் என்றேன். பக்கத்து வீட்டில் வாங்கிப் பொங்கினோம்.

கும்பாபிஷேகத்துக்கு நாள் நெருங்கிவிட்டது. முட்டுக்கம்பை எடுங்கோ என்று கோயில்காரர் நெருக்கினார்கள். தில்லைநாதன் சுத்தியலின் பிடியால் உச்சியைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். திரும்ப ஒருமுறை தட்டினார்.

"சத்தம் கொஞ்சம் மந்தமாக் கிடக்கு. அக்கா, தண்ணி ஒழுங்காத் தெளிச்சனீங்கள்தானே?"

"ஓம், தம்பி," என்றேன். முதல்முறையாக அவரைத் தம்பி என்றேன்.

"அப்ப சரி," என்றார்.

நான் அவரை அவமானப்படுத்தத்தான் நினைத்தேன் என்று உங்களிடம் சொல்லலாம். வளைவு விழுந்தால் அவருடைய பெயர் கெடும், அப்பு கலியாணத்தை நிறுத்துவார், அருந்ததி வீட்டிலேயே இருப்பாள். இங்கே வரும் வழியில் அப்படிச் சொல்வதென்றுதான் யோசித்துக்கொண்டு வந்தேன். ஆனால் அவர் எங்கே நிற்பார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் ஊற்றினேன். அதையும் எழுதுங்கள்.

முட்டுத் தட்டிய காலையில் ஊரே கூடி நின்றது. அவர் குளித்து, திருநீறு பூசி, வளைவுக்குக் கீழே போய்க் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். ஏரம்பு அண்ணை முதல் முட்டுக்கம்பைத் தட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. சனம் கைதட்டியது. இரண்டாவதைத் தட்டும்போது, யாரும் எதிர்பாராமல், அருந்ததி பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். "நானும் நிக்கிறன்," என்று அவருக்குப் பக்கத்தில் போய் நின்றாள். பெண்கள் சிரித்தார்கள். அப்பு, "இஞ்ச பார் இவளை," என்றார்.

கடைசி முட்டு மிச்சம் இருந்தது. ஏரம்பு அண்ணை உள்ளங்கையில் துப்பி, சம்மட்டியை மாற்றிப் பிடித்தார். நான் கும்பத் தண்ணீரோடு அவளுக்கு நேரே நின்றேன். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். அருந்ததி, இஞ்ச வா என்று ஒரு வார்த்தை போதும். என் சொல்லை அவள் தட்டமாட்டாள்.

ஆனால் அவளைக் கூப்பிட்டால், ஏன் என்று கேட்டுக்கொண்டு அவரும் அவளோடு வெளியே வந்திருப்பார்.

அதனால் நான் கூப்பிடவில்லை.

உச்சியிலிருந்து முதலில் மா மாதிரி ஏதோ உதிர்ந்தது. அவர் தோளில் விழுந்ததை விரலால் தொட்டுப் பார்த்தார். உடனே விளங்கிவிட்டது அவருக்கு. மேலே பார்க்கவில்லை. அருந்ததியை இரண்டு கையாலும் வெளியே தள்ளினார். அவளுடைய காலில் மட்டும்தான் விழுந்தது. மற்றதெல்லாம் அவர்மேல்.

மாடத்து லட்சுமிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கு இன்னும் கண் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து அருந்ததிதான் உங்களுக்குச் சொல்லியிருக்கிறாள் என்று தெரியும். எறும்பையும் பொங்கல் பனங்கட்டியையும் அவள் சேர்த்துப் பார்த்திருக்கிறாள். கெட்டிக்காரி, நான் வளர்த்த பிள்ளை. நான் அனுப்பிய கஞ்சியைத் திருப்பி அனுப்பிவிட்டாள். கால் இனி நேராகாது என்று டொக்டர் சொன்னாராம். நடக்கமுடியாதவளைக் கிணற்றடிக்குத் தூக்கிப்போக ஒரு ஆள் வேண்டும், தலை வார வேண்டும். கோபம் ஆறினதும் என்னைத்தான் தேடுவாள். அவளை ஒருவர் கையிலும் விடக்கூடாது என்றுதான் இவ்வளவும் செய்தேன். வேறு ஒரு காரணமும் இல்லை, ஐயா. கையெழுத்து எங்கே வைக்கவேண்டும் என்று காட்டுங்கள்.

ஒன்றே ஒன்று. என் ட்ரங்குப் பெட்டியிலிருந்து நீங்கள் எடுத்து வந்தவற்றில் ஒரு நூல் இருக்கும், இரண்டு பக்கமும் முடிச்சுப் போட்டது. வழக்குக்கு அது உதவாது, திருப்பித் தந்துவிடுங்கள். சிலை அவளுடையதானபடியால் நூலும் அவளுடையது என்று யாராவது சொல்வார்கள், நம்பவேண்டாம். அவள் தூங்கும்போது எத்தனையோ தரம் வைத்துப் பார்த்துவிட்டேன். அவளுக்கு அது நீளம். என் முகத்தில் வைத்துப் பாருங்கள், சரியாக இருக்கும்.