அத்தான் தாடைக்கு ஒரு லோடு டெஸ்ட்

ஹலோ... சொல்லுங்க அத்தான்... ஆமா, கிளினிக்லதான். நாற்காலில ஆள் இருக்காங்க, சீக்கிரம் சொல்லுங்க... என்னது, டக்குனு சத்தமா? எங்கேருந்து?... வாய்க்குள்ளேருந்தா.

ஒரு நிமிஷம்... நீங்க வாயை மூடிக்கலாம்மா, இப்ப வந்துடறேன்... உங்கள இல்ல அத்தான். சரி, நீங்களும் மூடிக்கிட்டா நல்லதுதான்.

என்னத்தைக் கடிச்சீங்க?... சாப்பிடவே இல்லையா? அப்புறம் எப்படி... ம்... ம்... பெட்டி எடை பாக்கற கொக்கித் தராசு. அதுக்கென்ன?... ஜன்னல் கம்பில மாட்டி... பழைய பெல்ட்டைக் கோத்து... அதைப் பல்லுல கடிச்சு, பின்னாடி சாஞ்சு இழுத்தீங்க.

ஏன் அத்தான்?

...லோடு டெஸ்ட்டா... ஆமா, ஆமா, தெரியும். லிஃப்ட் இன்ஸ்பெக்டரா இருந்தவரைக்கும் பாரம் ஏத்திப் பாக்காம எந்த லிஃப்டுக்கும் நீங்க கையெழுத்துப் போட்டதில்ல. நான் உங்க வாயில லிஃப்ட் வெக்கல. தாடையெலும்புல ஒரு திருகு வெச்சிருக்கேன். எலும்பு அதைக் கெட்டியாப் பிடிக்கவே இன்னும் சில மாசம் ஆகும். மேல இருக்கற பல்லு சும்மா, சிரிச்சா தெரியட்டும்னு மாட்டினது.

...அகலமான தாடையா? யாருக்கு?... அத்தான், அது கன்னம். உள்ள எலும்பு ஒல்லி. ஸ்கேன்ல காட்டினேனே. நீங்கதான் எங்க கட்டடத்து லிஃப்ட் சத்தத்தையே கேட்டுட்டு உக்காந்திருந்தீங்க.

இல்ல, கேளுங்க... கேளுங்க அத்தான். எலும்பு அகலமா இருந்தா கடிக்கற பாரம் நாலா பக்கமும் பரவிப் போயிடும். ஒல்லியா இருந்தா போக எடமில்ல, பாதிக்கு மேல திருகோட கழுத்துலயே வந்து உக்காரும். அங்க எலும்பு கரைஞ்சா திருகு ஆடும். ஆடினா எடுத்துற வேண்டியதுதான்... தடியா வெச்சிருந்தா சுத்தி எலும்பே மிஞ்சியிருக்காது. "தடியாவே போடு, கஞ்சத்தனம் பண்ணாத"ன்னு சண்டை போட்டது நீங்கதானே.

எனக்குப் பயமா இருக்கு அத்தான். பெரிய டாக்டரா பாத்துக்கலாம்னு உங்க வீட்ல எல்லாரும் சொன்னப்ப, அக்கா ஒருத்திதான் "என் தங்கச்சிதான் வெக்கணும்"னு நின்னா. இப்ப அவ மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்.

...சரி. நாக்கால மெதுவா தொட்டுப் பாருங்க. இடது பக்கம். ஆடுதா?... ஆடல. ரத்தம்?... வலி?... அங்க ஒண்ணுமே இல்லையா? அப்ப சத்தம் எங்கேருந்து... வலது பக்கமா?

வலது பக்கம் உங்க சொந்தப் பல்லாச்சே.

...ஒப்பிட்டுப் பாக்கறதுக்கு... ஆமா... பழசு எவ்வளவு தாங்குதுன்னு மொதல்ல பாத்துட்டு, அப்புறம் புதுசுக்கு அதே அளவு... ஆமா, ஆமா, முறைதான்... ரெண்டா பொளந்துடுச்சா. வேரோடவா.

...சிரிக்கல அத்தான். இருமல்.

உடனே கிளம்பி வாங்க... அனேகமா எடுக்கணும். அங்கயும் திருகுதான்... இல்ல, அந்தப் பக்கம் எலும்பு இன்னும் ஒல்லி.

...என்ன பாக்கி இருக்கு?... இடது பக்க டெஸ்ட்டா? அத்தான், தராசைக் கீழ வைங்க. அக்காகிட்ட ஃபோனைக் குடுங்க... பரவாயில்ல, திட்டட்டும். குடுங்க.

அக்கா?... ஆமா... ஆமா, பல்லாலதான்... ஆமா, உன் புருஷன்தான். மொதல்ல அந்தத் தராசைப் புடுங்கி எங்கயாவது... என்ன சத்தம் அது?... ஜன்னல் வழியாவா? நல்ல காரியம் பண்ணின. கீழ யார் தலையிலயும் விழலையே?... அவர் எங்க ஓடறார்? இங்க கிளம்பிட்டாரா?

...தராசு தாங்குச்சான்னு பாக்கவா.

அக்கா, அவர் வர்றதுக்குள்ள பெல்ட்டை ஒளிச்சு வை. ஃபோனை வெக்கறேன்.